ஊர்ப்பெயர் மட்டும் போதுமா?

(திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூரில், கால்பந்துக் குழு தொடங்க முனைந்த இளைஞரிடையே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னைக்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஓடும் விரைவு வண்டிகள் பலவும் ஒலக்கூரில் நில்லாமலே போய்விடுகின்றன. பெரிய ஊர்களின் செல்வமும் அவ்வாறே இவ்வூரைக் கடந்து போய்விடுகின்றது. இத்தகைய ஊரில் இளைஞர் சிலர் ஒன்றுகூடிக் கால்பந்துக் குழு ஒன்று அமைக்க முனைந்திருப்பது பாராட்டுக்குரியது. அவர்கள் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. குழுவிற்கு என்ன பெயர் இடுவது? பணத்தை எங்கிருந்து பெறுவது? பணம் தருபவர் யாரோ அவர் விரும்பும் பெயரையே இட்டுவிடலாம் என்று எளிய வழி கூறுவாரும் உளர்.

பார்க்கப் போனால், இவை இரண்டு வினாக்கள் அல்ல; ஒரே வினா. ஒன்றனுக்கு உடைமையர் எவரோ அவரே அதற்குப் பெயரிடுவார். வேண்டாதபோது அப்பெயரை அழிப்பவரும் அவரே. நாட்டிற்கும் மொழிக்கும் பொருந்தும் இவ்வுண்மை கால்பந்துக் கழகத்திற்கும் பொருந்தும். அதனைக் காட்டுதற்கு இரண்டு கழகங்களின் வரலாறு போதும். ஒன்று தமிழகத்தது, மற்றொன்று எசுப்பானியாவில் மலையிடுக்கில் உள்ள ஒரு சிற்றூரது.

பந்து உதைக்கும் பிள்ளைகளிடம் இனமீட்சி பற்றி என்ன பேச்சு என்று முகஞ்சுளிப்பவர் இருக்கலாம். பந்து என்னும் சொல்லே நம் சொல். மகளிர் பந்தாடும் ஆட்டத்திற்குச் சிலப்பதிகாரம் ஒரு தனிவரியே வகுத்துள்ளது. அவ்வரிக்குக் கந்துகவரி என வடசொற்பெயர் வாய்த்தது வேறு செய்தி. தன் ஆட்டத்தைத் தானே நடத்திக்கொள்ளத் தெரியாத இளைஞர் கூட்டம், தன் நாட்டைத் தானே நடத்திக்கொள்ளும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சென்னைக் கழகத்தின் எழுச்சி

1946-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு விளையாட்டுக் கழகம் தோன்றியது. அதற்கு இட்ட பெயர் நேதாசி விளையாட்டுக் கழகம். வங்கத்து விடுதலை மறவர் சுபாசு சந்திரரை மக்கள் அழைத்த பெயர் அது. மலையாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அவர் படையிற் சேர்ந்து சென்ற நினைவு பசுமையாக இருந்த காலம் அது.

நெடுங்காலம் சென்னை மட்டத்திலேயே ஆடிவந்த அக்கழகம், பின்னர்ச் 'சென்னை சிட்டி' என்னும் பெயர் பூண்டது. நகர் என்றோ மாநகர் என்றோ சொல்லத் தமிழில் சொல் இல்லாமற் போயிற்றா? இங்கிலாந்துக் கழகங்களின் பெயர்களைப் பார்த்துப் படியெடுத்த பெயர் அது. 2016-ஆம் ஆண்டு திசம்பரில், ஐ-லீக் என்னும் நாடளாவிய தொடரில் ஆடும் வாய்ப்பு அக்கழகத்திற்குக் கிடைத்தது. 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை நேரு அரங்கில் அதன் ஆட்டங்கள் நடந்தன.

குமரிக் கடற்கரையின் எரவிப்புத்தன்துறை என்னும் மீனவர் சிற்றூரிலிருந்து வந்த மைக்கேல் சூசைராசு அக்கழகத்தில் ஆடித் தம் திறத்தை நாடறியச் செய்தார். கடல் மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளரும் இளைஞரைக் கொண்டது அக்கடற்கரை. வடசென்னையின் வியாசர்பாடியும் அத்தகைய விளைநிலமே. தமிழகத்தில் ஆடும் கால்களுக்குக் குறைவில்லை என்பதற்கு இவை போதிய சான்று. ஆயின், 2018-ஆம் ஆண்டில் சம்செட்பூர்க் கழகம் சூசைராசைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. விளைந்ததை விளைந்த களத்திலேயே வைத்துக்கொள்ளும் வலிமை கழகத்திற்கு இல்லை.

2017-18 ஆட்டப்பருவத்தில் கழகம் தன் ஆடுகளத்தைக் கோவைக்கு மாற்றிக்கொண்டது. பெயர் சென்னையது, களம் கோவையது. ஆயினும் கோவை மக்கள் பெயரைப் பாராது, நம் கழகம் என்று கொண்டு அரங்கிற்குத் திரண்டு வந்தனர். தமிழ் மக்கள் ஒன்றைத் தமதென்று கருதிவிட்டால் தம் உள்ளத்தை அளந்து கொடுப்பதில்லை.

அதன்பின் வந்தது 2018-19 பருவம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசு பயிற்றுநராக அமர்ந்தார். எசுப்பானியாவின் கீழ்நிலைத் தொடர்களில் ஆடிவந்த நால்வர் கோவைக்கு வந்தனர். அவர்கள் உருகுவையிற் பிறந்து எசுப்பானியாவில் ஆடிய பெத்திரோ மன்சி, நெசுத்தோர் கோர்தில்லோ, சாண்ட்ரோ உரோத்ரிகசு, உரோபெர்த்தோ எசுலாவா ஆகியோர். தம் நாட்டில் பெருங்கழகங்கள் ஏறிட்டும் பாராத ஆட்டக்காரர்கள் அவர்கள். இங்கோ அவர்களும் தமிழிளைஞரும் ஓருடலாக ஆடினர். முதல் ஆட்டத்திலேயே இந்திய இளையோர் அணியை 4-1 என வீழ்த்தினர். நூற்றாண்டுப் பழமை வாய்ந்த கொல்கத்தாவின் கிழக்கு வங்கக் கழகத்தை அதன் ஊரிலேயே 2-1 என வென்றனர். மன்சி மட்டும் அப்பருவத்தில் 21 முறை பந்தை வலைக்குள் செலுத்தினார்.

இறுதி நாள் 2019 மார்ச்சு 9. சென்னைக் கழகம் 40 புள்ளிகளோடும், கிழக்கு வங்கக் கழகம் 39 புள்ளிகளோடும் நின்றன. கோவையில் பஞ்சாப்பின் மினர்வா அணியோடு ஆட்டம். அதே வேளையில் கோழிக்கோட்டில் கிழக்கு வங்கத்தின் ஆட்டம். தொடங்கிய மூன்றாம் மணித்துளியிலேயே மினர்வா அணி ஒன்றைப் போட்டுவிட்டது. அரங்கம் வாயடைத்துப் போயிற்று. இடைவேளைக்குப் பின் மன்சி ஒறுப்புதையால் ஈடு செய்தார். அதன்பின் கவுரவ் போரா என்னும் தடுப்பாட்டக்காரர் இருமுறை பந்தை வலையில் இட்டார். ஆட்டம் 3-1 என முடிந்தது. கோழிக்கோட்டில் கிழக்கு வங்கமும் வென்றது. ஆயினும் அதற்கு 42 புள்ளிகள், சென்னைக்கு 43. ஐ-லீக் தொடரை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் என்னும் பெயர் அன்று அதற்கு வாய்த்தது.

எழுந்த வண்ணமே மறைந்த கழகம்

கோப்பையைத் தூக்கிய அந்தக் கைகள் எத்தனை நாள் தூக்கி நின்றன? அப்பருவத்திலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னைக் கழகத்தின் பங்குகளில் 26 விழுக்காட்டை வாங்கியிருந்தது. எஞ்சிய பங்குகள் தனியார் கையில் இருந்தன. கோவை அரங்கில் தொண்டை வறளக் கூவிய மக்கள் கையில் ஒரு பங்கேனும் இல்லை.

2020 சனவரியில் மன்சி சப்பான் நாட்டுக் கழகத்திற்குச் சென்றுவிட்டார். மார்ச்சில் மகுடைத் தொற்று பரவியதால் அப்பருவம் பாதியில் நின்றது. அடுத்த பருவ ஆட்டங்கள் முழுவதும் வங்கத்திலேயே நடந்தன. 2021-22 பருவத்தில் ஐ-லீக் தொடரில் ஆடிய அணிகளின் வரிசையில் சென்னைக் கழகத்தின் பெயரே இல்லை. முடிசூடிய மூன்றாம் ஆண்டிற்குள் அது களத்திலிருந்து மறைந்தது. 1946-இல் தொடங்கிய வரலாறு, கேட்பாரின்றி ஒரு மூலையில் ஒதுங்கியது.

இதற்கு எவரையும் பழி கூறுதல் நோக்கமன்று. தம் பணத்தைக் கொட்டிக் கழகத்தை உயர்த்தியவர் இல்லையேல் 2019-இன் வெற்றியும் இல்லை. பிற நாட்டிலிருந்து வந்து உழைத்தவரை வெறுப்பதும் தமிழர் பண்பன்று. குறை ஆட்களிடம் இல்லை, அமைப்பில் உள்ளது. ஒருவர் தாங்கிய கூரை, அவர் தோளை விலக்கியவுடன் விழும். ஊர் தாங்கிய கூரையில் ஒரு தோள் விலகினால் மற்றொரு தோள் ஈடு கொடுக்கும். சென்னைக் கழகத்திற்கு ஊரின் பெயர் இருந்தது. ஊரின் தோள் இல்லை.

இன்னொரு தடையும் இருந்தது. 2014-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் என்னும் தொடர் தொடங்கியது. ஊர்ப்பெயர்களை ஏலப்பொருளாக்கி, பெருஞ்செல்வர்க்குக் கழகங்களை வழங்கிய தொடர் அது. ஆடி வென்று அதனுள் ஏறும் படி அன்று இல்லை. பணம் கட்டி நுழையும் வாயில் மட்டுமே இருந்தது. ஆதலின் 2019-இல் ஐ-லீக்கை வென்ற சென்னைக் கழகத்திற்கு மேலே ஏற இடமில்லை. வென்ற அணி மேலேறும் வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. அதற்குள் சென்னைக் கழகம் களத்தில் இல்லை.

அப்புதிய தொடரில் சென்னைப் பெயரால் அமைந்த கழகத்திற்கு இட்ட பெயர் 'சென்னையின்' என்பது. இலக்கணம் கற்றார் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை என்னும் பெயர் 'இன்' சாரியை பெற்று நிற்கின்றது. அதனை அடுத்து உடைமைப் பொருள் ஒன்று வர வேண்டும். சென்னையின் கடற்கரை என்றால் பொருள் உண்டு; சென்னையின் மக்கள் என்றால் பொருள் உண்டு. வெறுமனே 'சென்னையின்' என்று நிறுத்திவிட்டால், சென்னைக்கு உடைமையாவது எது என்னும் வினா விடையின்றி நிற்கின்றது. பெயரிட்டவர் அறியாமலே மெய்யைச் சொல்லிவிட்டனர். அக்கழகத்தைத் தொடங்கிய உரிமையாளருள் வடபுலத்துத் திரைநடிகரும் மட்டைப்பந்தாட்டக்காரரும் இருந்தனர். அது கோப்பைகள் வென்றதும் மெய்யே. ஆயின் சென்னைக்கு அதில் உடைமை என்ன என்று கேட்டால், அந்தச் சாரியையைப் போலவே வெற்றிடந்தான்.

மலையிடுக்கில் ஒரு கழகம்

கோவையில் வெற்றி தந்த நால்வரும் எசுப்பானியாவின் கீழ்நிலைத் தொடர்களிலிருந்து வந்தவர் என்று கண்டோம். அந்நாட்டின் கீழ்நிலைக் கழகங்கள் எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்பதற்கு எய்பார் என்னும் சிற்றூர்க் கழகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எசுப்பானியாவின் வடக்கே வாழும் பாசுக்கு இனத்தார் நம்மைப்போல் தமக்கெனத் தனிமொழி உடையவர். அவர்தம் எயுசுக்கரா மொழி, அதனைச் சூழ்ந்துள்ள எம்மொழியோடும் உறவில்லாத தொன்மொழி. அவர்கள் நாட்டில், குறுகிய பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 27,000 மக்கள் வாழும் ஊர் எய்பார். துமுக்கி செய்யும் கொல்லர் ஊராக இருந்து, பின் மிதிவண்டியும் தையற்பொறியும் செய்யும் ஊராக மாறியது அது. 1920-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிலாளர் 'ஆல்பா' என்னும் கூட்டுறவுத் தொழிலகத்தைத் தாமே தொடங்கினர். முதலாளி வருவான் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1931 ஏப்பிரல் 14-இல் எசுப்பானியாவில் மன்னராட்சி ஒழிந்தபோது, குடியரசை முதன்முதல் பறைசாற்றிய ஊரும் எய்பாரே.

அதற்கு ஊர் கொடுத்த விலை பெரிது. உள்நாட்டுப் போரில், 1937 ஏப்பிரலில், வானூர்திகள் பொழிந்த குண்டுகளால் ஊர் சிதைந்தது. 1939-இல் பிராங்கோவின் வல்லாட்சி நாடு முழுவதும் நிலைபெற்றது. பாசுக்கு மொழி பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் விரட்டப்பட்டது. பிள்ளைக்குத் தாய்மொழியிற் பெயரிடுதலும் தடுக்கப்பட்டது. இந்தித் திணிப்பை எதிர்த்துக் களம் கண்ட தமிழர்க்கு இந்நோவை விளக்க வேண்டுவதில்லை.

ஆல்பாத் தொழிலகத்தை நடத்தியவருள் ஒருவர் தொரிபியோ எச்செபாரியா. போருக்குப் பின் அவர் நாடு கடந்து வெனிசுவேலாவில் வாழ்ந்தார். ஊரை இழந்த அம்முதியவர், தம் ஊர்ப்பேச்சின் சொற்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து திரட்டி ஓர் அகரமுதலி ஆக்கினார். அது 1960-களின் நடுவில் வெளிவந்தது. பட்டறைச் சொல், அடுக்களைச் சொல், தெருச்சொல் எல்லாம் அதனுள் அடங்கின. ஊருக்குள் பேசத் தடையிருந்த மொழியைக் கடலுக்கு அப்பாலிருந்து காத்தவர் ஒரு தொழிலாளி. அதே காலத்தில் பாசுக்குப் பெற்றோர் தம் கைப்பணத்தைத் திரட்டி, இக்காசுத்தோலா என்னும் தாய்மொழிப் பள்ளிகளைத் தாமே நடத்தினர். பிராங்கோ 1975-இல் மாண்டான். 1979-இல் பாசுக்கு மொழி அந்நிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

இத்தகைய மண்ணில், குண்டு வீழ்ந்த மூன்றாண்டில், 1940-இல், ஊரின் இரு சிறு குழுக்கள் இணைந்து பிறந்ததே எய்பார்க் கால்பந்துக் கழகம். மலைச்சரிவில் உள்ள இப்புருவா என்பது அதன் ஆடுகளம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கழகம் இரண்டாம் நிலையிலும் அதற்குக் கீழ்நிலைகளிலும் ஏறியும் இறங்கியும் ஆடிவந்தது. பெருங்கழகங்களின் இளைஞர் சிலர் அங்கு வந்து சில காலம் தங்கி ஆடிப் பழகுவர். பின்னாளில் உலகக்கோப்பை வென்ற சாபி அலோன்சோவும் தாவீது சில்வாவும் அவ்வாறு பழகியவர்களே. வரவுக்குள் செலவு, கடன் வாங்காமை ஆகிய இரண்டும் அக்கழகத்தின் நடைமுறை.

2013-இல் அது மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு ஏறியது. மறு ஆண்டே, மிகச் சிறிய செலவில் அணி நடத்தியும், இரண்டாம் நிலையில் முதலிடம் பெற்றது. 2014-இல் எசுப்பானியாவின் முதல்நிலைத் தொடருக்குள் நுழையும் உரிமை அதற்கு வாய்த்தது.

ஒரு யூரோவும் கடன் இல்லாத கழகத்திற்கு வந்த இடர்

அப்போதுதான் சட்டம் குறுக்கே வந்தது. 1990-ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம், எசுப்பானியாவின் தொழில்முறைக் கழகங்களுள் நான்கு நீங்கலாக மற்றவற்றைப் பங்கு நிறுமங்களாக மாறச் செய்தது. ஒவ்வொரு நிறுமமும் இன்ன அளவு முதல் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. பிற கழகங்களின் செலவைக் கணக்கிட்டு அவ்வளவு வகுக்கப்பட்டது. கடனில் மூழ்கிச் செலவழிக்கும் கழகங்களின் கணக்கு, கடனே இல்லாத எய்பாரின் கழுத்தில் சுருக்காக விழுந்தது. இன்னும் 17,24,272 யூரோ முதல் சேர்க்க வேண்டும். இல்லையேல் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்படும் என்றது விதி. அற்றைநாள் மதிப்பில் அது ஏறத்தாழ 14 கோடி உருபா.

ஒரு பெருஞ்செல்வரை அழைத்திருந்தால் அத்தொகை ஒரே நாளில் வந்திருக்கும். எய்பார் அவ்வழியை நாடவில்லை. 50 யூரோ முதலாகப் பங்குகளை ஊராரிடமும் உலகத்தாரிடமும் விற்றது. அதனினும் சிறந்தது மற்றொரு விதி: எவரும் 1,00,000 யூரோவுக்கு மேற்பட்ட பங்கு வாங்கலாகாது. பணம் வேண்டும்; ஆனால் பணத்தோடு வரும் தலைவன் வேண்டா என்பதே அதன் பொருள். அலோன்சோவும் சில்வாவும் இம்முயற்சிக்குத் தோள் கொடுத்தனர். பல நாடுகளிலிருந்து பல்லாயிரவர் பங்கு வாங்கினர். கெடுநாளுக்கு முன்பே தொகை நிறைந்தது.

2014 ஆகத்து 24-ஆம் நாள், முதல்நிலையின் முதல் ஆட்டத்தில், தன் அண்டைப் பெருநகரின் இரியல் சொசியேதாது கழகத்தை இப்புருவாவில் 1-0 என எய்பார் வென்றது. பருவ முடிவில் அது 18-ஆம் இடத்தில் நின்றது. கீழிறங்க வேண்டிய இடம் அது. ஆயின் 13-ஆம் இடம் பெற்ற எல்ச்சே கழகம், செலுத்த வேண்டிய கடன்களைச் செலுத்தாமையால் கீழே இறக்கப்பட்டது. இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரின் கழகம் கடனால் இறங்கியது. கடனில்லாச் சிற்றூர்க் கழகம் நிலைத்தது. களத்தில் தோற்றதைக் கணக்கேட்டில் வென்றது எய்பார்.

ஏழு பருவங்கள் அது முதல்நிலையில் ஆடியது. 2017-18-இல் ஒன்பதாம் இடம் வரை உயர்ந்தது. சப்பான் நாட்டு ஆட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டது, அயலவர்க்குக் கதவடைக்கவில்லை. 2021-இல் கடைசி இடம் பெற்று இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஆனால் இறங்கிய பின்னும் கழகம் இருந்தது. மறுபருவத்தில் அதே இப்புருவாவில், அதே பெயரில் ஆடியது. 2021-ஆம் ஆண்டை இருகழகத்திற்கும் பொதுவாக வைத்துப் பாருங்கள். முடிசூடிய கழகம் தொடரிலிருந்தே மறைந்தது; தோற்று இறங்கிய கழகம் நிலைத்தது. வேறுபாடு கால்வன்மையில் இல்லை, உடைமையில் உள்ளது.

எந்த ஊராருடைய உடைமை?

ஊருடைமை என்பது பாசுக்கு நாட்டிலிருந்து தமிழர் கடன் வாங்க வேண்டிய கொள்கையன்று. ஏரியும் மந்தையும் மன்றமும் ஊர்ப்பொதுவாக இருந்த நாடு இது. ஒலக்கூருக்கு நெடுந்தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டத்தைக் காக்கத் தோட்ட வாரியம் எனக் குடவோலையால் ஆள் தெரிந்தெடுத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்பிற்கு வரலாகாது என விதித்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வகுத்த இவ்விதியை இன்றைய கழகங்கள் எத்தனை பின்பற்றுகின்றன?

எனினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. உத்திரமேரூர் அவை பார்ப்பனர் அவை. நிலமும் மனையும் உடையவர்க்கே அதில் இடம். உழுதவனுக்கும் ஏரியை வெட்டியவனுக்கும் அதில் குரல் இல்லை. ஆதலின் விதியை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலியைத் தள்ள வேண்டும்.

இங்குத்தான் ஒலக்கூர் இளைஞர்க்குரிய உண்மையான ஆய்வு இருக்கின்றது. ஊருடைமை என்று சொல்வது எளிது. எந்த ஊர்? தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒவ்வொன்றும் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது. ஊர்த்தெரு இளைஞர் ஒரு குழுவும் சேரி இளைஞர் ஒரு குழுவும் அமைத்து, இரண்டிற்கும் தூய தமிழ்ப்பெயர் இட்டாலும் அதனால் தமிழ் வளராது; பிளவே தமிழ்ப்பெயர் பூண்டு உலவும். பந்திற்குச் சாதி தெரியாது. அது நன்றாக உதைப்பவன் காலுக்கே போகும். பந்துக்கு உள்ள இந்நேர்மை குழுவுக்கும் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் களத்தில் நாளும் வேளையும் ஒதுக்கப்பட வேண்டும்.

இளைஞர் செய்யக்கூடுவன சில. குழுவிற்கு ஒலக்கூரின் பெயரையே தமிழிற் சூட்டுக. 'சிட்டி', 'பாய்சு', 'பிரதர்சு' ஆகியன வேண்டா. இரு குடியிருப்பிலும் வீட்டிற்கு ஒரு பங்கு என வைத்து, நாட்கூலி பெறுபவரும் தரக்கூடிய சிறுதொகையைப் பங்கின் விலையாக்குக. செல்வர் மிகுதியாகத் தர விரும்பினால் நன்றியோடு பெற்றுக்கொள்க. ஆனால் அவருக்கும் ஒரு குரல், கூலியாளுக்கும் ஒரு குரல். பந்து வாங்கினாலும் வண்டிக்கூலி கொடுத்தாலும் கணக்கெழுதி, திங்கள்தோறும் எல்லாரும் கேட்க மன்றத்தில் படித்துக் காட்டுக. கணக்குக் காட்டாதவரைப் பொறுப்பிலிருந்து நீக்குக. அவர் தலைவர் மகனாயினும் நீக்குக. கடன் வாங்கிச் சட்டை தைப்பதினும், பழைய சட்டையோடு களம் இறங்குவது பெருமை.

களத்திலும் தமிழ் ஒலிக்கட்டும். நடுவர், அணித்தலைவர், இலக்குக் காவலர், மூலையுதை, ஒறுப்புதை, இடைவேளை ஆகிய சொற்கள் நாவிற்கு அரியவை அல்ல. பத்து நாள் கூவினால் பதினோராம் நாள் அவையே இயல்பாக வரும். எச்செபாரியா கடல் கடந்து தம் ஊர்ச்சொற்களைத் தேடித் திரட்டினார். இவ்வூர்ப் பிள்ளைகள் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் போதும்.

இவ்வாறு அமையும் குழு, பெருங்கோப்பை எதனையும் வெல்லாமற் போகலாம். திண்டிவனத்துப் போட்டியிலேயே முதற்சுற்றில் தோற்றுத் திரும்பலாம். அதனால் இழிவில்லை. தோற்ற மறுநாள் மாலையும் களத்தில் பிள்ளைகள் இருப்பார்களா, பந்து இருக்குமா, அந்தப் பந்து தங்களுடையது என்று சேரிப் பிள்ளையும் ஊர்ப்பிள்ளையும் ஒருங்கே சொல்வார்களா என்பதே கேட்க வேண்டிய வினா. அதற்கு ஆம் என்று விடை சொல்லக்கூடிய குழுவை ஒலக்கூர் இளைஞர் அமைப்பாராக!

வெல்க தமிழ்! ஓங்குக ஊரொற்றுமை!